வெர்னியரா, டிஜிட்டலா? கப்பலூர் லேத் பட்டறையிலிருந்து ஓர் ஒப்பீடு

போன தை மாதம் எங்கள் பட்டறைக்கு இரண்டாவது லேத் (கடைசல் மெஷின்) வந்தது. இரண்டு மெஷினுக்கும் ஒரே காலிப்பரை, அதாவது தாடைகளால் பிடித்து விட்டமும் தடிமனும் அளக்கும் கருவியை, கைமாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. கோட்டைப் பார்த்துப் படிக்கும் வெர்னியரா, முள் காட்டும் டயலா, திரையில் எண் காட்டும் டிஜிட்டலா என்று இரண்டு வாரம் யோசித்து, கடைசியில் 150 மி.மீ. நீளமுள்ள, 0.02 மி.மீ. வரை காட்டும் சாதாரண வெர்னியரையே வாங்கினேன். கூட வேலை பார்க்கும் தம்பி ஐடிஐ முடித்தவன். பெட்டியைப் பிரித்ததும், "ஏண்ணே, டிஜிட்டல்ல நம்பரே வந்துருது, இன்னும் எதுக்குக் கோட்டை எண்ணிக்கிட்டு இருக்கணும்?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பொறுத்துத்தான் கருவி. மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை. திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்திலிருந்து தோட்டத்து மோட்டார்கள் வரும். தேய்ந்த ஷாஃப்டுக்கு (சுழலும் அச்சு) வெல்டிங் வைத்துக் கடைவது, அது சுற்றும் இடத்தில் கன்மெட்டல் புஷ் (வளையம்) போடுவது, மோட்டார் கவரில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் (உருளை வளையம்) இறக்கிச் சரிசெய்வது, இவைதான் அன்றாடம். பாதி வேலைக்கு 0.1 மி.மீ. முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. பேரிங் உட்காரும் இடம் மட்டும் அப்படியில்லை. ஷாஃப்டில் அந்த இடத்தின் கடைசி அளவுக்கு எந்தக் காலிப்பரும் போதாது, இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

விலையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெயர் தெரியாத டிஜிட்டல், நல்ல வெர்னியரைவிட மலிவாகவே கிடைக்கும். நல்ல டிஜிட்டல் என்றால் நல்ல வெர்னியரைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். வேகத்தில் டிஜிட்டல்தான் முன்னால், அதில் தகராறே இல்லை. துல்லியத்தில்? திரை 0.01 வரை காட்டுகிறது என்பதற்காக 0.01 வரை சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. 150 மி.மீ. நீளத்தில் நல்ல தயாரிப்புக்கே பிழை எல்லை ±0.02 மி.மீ. என்றுதான் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்லும். 0.02 வெர்னியருக்கு ±0.03. காகிதத்தில் டிஜிட்டல் ஒரு படி மேல்தான். ஆனால் பட்டறையில் இந்த 0.01 வித்தியாசத்தை ஒரு துளி அழுக்கு விழுங்கிவிடும்.

டயல் காலிப்பரைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். முள்ளைப் பார்த்துப் படிப்பது சுகம், பேட்டரியும் வேண்டாம். ஆனால் அந்த முள்ளை ஓட்டுவது திறந்து கிடக்கும் ஒரு பல் வரிசை. லேத்தில் பறக்கும் உலோகச் சீவல் ஒன்று பல்லுக்குள் சிக்கினால் முள் தாவிவிடும், அன்றிலிருந்து ஸீரோ வேறு இடத்தில் நிற்கும். என்னிடம் இருந்த ஒன்று கீழே விழுந்து அப்படித்தான் ஆனது. டூல் ரூம் மாதிரி சுத்தமான இடத்தில் அது நன்றாக உழைக்கலாம். எங்கள் இடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

ஆக, மிஞ்சுவது வெர்னியரும் டிஜிட்டலும். இந்த இரண்டுக்கும் நடுவே என்னைத் தீர்மானிக்க வைத்தது ஸீரோ. அளவி பொய் சொல்ல ஆரம்பித்தால் அது கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லையா என்பதுதான் விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டார் கொண்டுவந்தார். கவரில் 6204 எண் பேரிங், வெளிவிட்டம் 47 மி.மீ. ஸ்லீவ் இறக்கி உள்துளையைக் கடைந்து அகலப்படுத்திக்கொண்டிருந்தேன். 46.95 வரை காலிப்பரை நம்பிப் போவது, மிச்சத்தைப் பேரிங்கையே வைத்து வைத்துப் பார்த்து எடுப்பது, இதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்குக் கையில் இருந்தது டிஜிட்டல். திரையில் 46.95 வந்தது. பேரிங்கை வைத்தேன். தட்ட வேண்டிய தேவையே இல்லாமல், கட்டைவிரலால் தள்ளியதும் உள்ளே போய்த் தொளதொளவென்று சுற்றியது.

காலிப்பரை மூடிப் பார்த்தேன், 0.00 என்றது. வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் வெளித்தாடையில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருந்த பித்தளைச் சீவல் தெரிந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. துடைத்துவிட்டு மூடினால் −0.12. காலையில் அந்தச் சீவலோடு மூடி ஸீரோ பொத்தானை அழுத்தியிருக்கிறோம். அதிலிருந்து எடுத்த ஒவ்வோர் அளவும் உண்மையைவிட 0.12 குறைவு. 46.95 என்று காட்டிய துளை உண்மையில் 47.07. ஸ்லீவை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பணத்தைவிட, "மல்லிகை காயுது தம்பி, நாளைக்காவது கெடைக்குமா?" என்று அவர் கேட்டதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

இதே சீவல் வெர்னியரில் இருந்திருந்தால்? மூடும்போதே இரண்டு ஸீரோ கோடும் நேருக்கு நேர் நிற்காது. கண் அங்கேதான் முதலில் போகும். எஃகில் செதுக்கிய கோட்டை ஒரு பொத்தானால் அழிக்க முடியாது. பிழை இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். மூடியதும் துடைத்துப் பார் என்று டிஜிட்டலுக்கும் சொல்லலாம்தான். ஆனால் நாளுக்கு நாற்பது தடவை எடுத்து வைக்கிற கருவியில், மறந்தாலும் எச்சரிக்கிற கருவியே எனக்கு வேண்டும். போதாததற்கு, பல டிஜிட்டல்களில் அந்தப் பொத்தான் கட்டைவிரலுக்கு மிகவும் பக்கம். அளந்துகொண்டிருக்கும்போதே கைபட்டு ஸீரோ மாறியதும் உண்டு.

சரி, கோட்டை எண்ணுவது சிரமம் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். பள்ளியில் படித்த வெர்னியர் அளவியில், நகரும் சின்னக் கோலில் 9 மி.மீ. நீளத்தைப் 10 பாகமாகப் பிரித்திருப்பார்கள், மீச்சிற்றளவு, அதாவது படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 மி.மீ. பட்டறை வெர்னியரில் 49 மி.மீ. நீளத்தில் 50 பாகம். ஒரு பாகம் 0.98 மி.மீ. தண்டில் நிலையாக உள்ள முதன்மைக்கோலின் 1 மி.மீட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் 0.02. பிரெஞ்சுக் கணிதர் பியர் வெர்னியர் 1631-இல் வெளியிட்ட யோசனை, இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது.

ஒரு ஷாஃப்டைப் பிடித்துப் படிப்போம். வெர்னியரின் ஸீரோ கோடு முதன்மைக்கோலில் 24-ஐத் தாண்டி, 25-க்கு முன்னால் நிற்கிறது. அப்படியானால் 24 கையில் வந்துவிட்டது. இனி வெர்னியர் கோட்டில் எது மேலே உள்ள கோட்டோடு ஒரே நேராக நிற்கிறது என்று தேட வேண்டும். முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. வெர்னியரில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் எண் ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. ஸீரோ, 24-க்கும் 25-க்கும் நடுவே பாதியைத் தாண்டி நிற்பதால் பதில் 0.5-க்கு மேல் என்று முன்பே தெரியும். 5-ஐத் தாண்டித் தேடினால் போதும், 7-க்குப் பக்கம் பாருங்கள். 7-க்கு அடுத்து இரண்டாவது கோடு சேர்ந்து நிற்கிறது: 0.7, அதோடு இரண்டு 0.02. மொத்தம் 24.74. சந்தேகம் வந்தால் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். சேர்ந்த கோட்டுக்கு இடப்பக்கத்தது ஒரு திசையிலும் வலப்பக்கத்தது எதிர்த்திசையிலும் சமமாக விலகியிருக்க வேண்டும். நேர் மேலிருந்து பார்க்க வேண்டும், சாய்த்துப் பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும். தம்பி இதைப் பழக மூன்று நாள் ஆனது. இப்போது நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவன் அளவைச் சொல்லிவிடுகிறான்.

சுழிப்பிழை இருந்தாலும் வெர்னியரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தாடையை மூடும்போது வெர்னியர் ஸீரோ வலப்பக்கம் தள்ளி நின்று 3-ஆவது கோடு சேர்ந்தால் பிழை +0.06, படித்த அளவிலிருந்து 0.06 கழிக்க வேண்டும். இடப்பக்கம் தள்ளி நின்று 47-ஆவது கோடு சேர்ந்தால் 50-இலிருந்து 47 போக மூன்று, பிழை −0.06, அதைக் கூட்ட வேண்டும். எங்கள் பழைய வெர்னியருக்கு +0.02 இருக்கிறது. பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பராமரிப்பில் என்ன செலவு என்று பார்த்தால் வெர்னியருக்கு ஒரு துணியும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயும். காலையில் தாடைகளுக்கு நடுவே சுத்தமான மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து, லேசாக மூடி, மெதுவாக உருவுவேன். அழுக்கு காகிதத்தோடு வந்துவிடும். அப்புறம் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. தாடைகளுக்கு இடையில் மெல்லிய, சீரான கீற்று தெரிந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். நகரும் பகுதியின் மேல் விளிம்பில் இரண்டு சின்னத் திருகு இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய பட்டையை அழுத்தி வைப்பவை அவை. தளர்ந்தால் நகரும் தாடை சாய ஆரம்பிக்கும். பொருளைத் தாடை நுனியில் வைத்து இறுக்கும்போது இந்தச் சாய்வு இன்னும் கூடும். அதனால் எப்போதும் காலிப்பர் தண்டுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பது நல்லது. பொருளைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளக்கவே கூடாது. தாடை தேய்வது ஒருபுறம் இருக்கட்டும், விரல் போய்விடும்.

ஸீரோ சரியாக இருந்து மற்ற இடங்களில் சரியா என்று பார்க்க ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக்கட்டை) எல்லோரிடமும் இருக்காது. நல்ல கம்பெனியின் புது பேரிங் ஒன்று போதும். 6204-இன் வெளிவிட்டம் 47 மி.மீ., அதைவிடக் குறைய இடம் உண்டு என்றாலும் 0.011 மி.மீட்டருக்கு மேல் குறையாது. உள்விட்டம் 20, அதில் 0.01-க்கு மேல் குறையாது. வெளித்தாடை, உள்தாடை இரண்டையும் ஒரே பேரிங்கில் சோதித்துவிடலாம்.

டிஜிட்டலுக்கு இந்தத் துடைப்பு எல்லாம் உண்டு, அதற்கு மேல் பேட்டரி. மலிவானவற்றில் திரையை அணைத்தாலும் உள்ளே சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும், பேட்டரி கரையும். எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரியைப் போட்டால் அதன் மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதே அளவுள்ள எஸ்ஆர்44 கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், விலை கூடுதல் என்றாலும் அதையே போடுங்கள். பெரிய பிரச்சினை கூலண்ட், கடையும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம். மலிவான டிஜிட்டல் பெரும்பாலும் மின்தேக்க முறையில் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. தண்டின் மேல் ஒட்டிய பட்டைக்கும் நகரும் பகுதிக்கும் நடுவே ஈரம் போனால் எண் தாறுமாறாக ஓடும். ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி) என்று போட்ட, கூலண்ட் தாங்கும் டிஜிட்டல்களில் இந்தக் குறை இல்லை. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கி ஒரு மாதம் பயன்படுத்தினேன், ஈரத்துக்கு அசரவில்லை. ஒரு மாதத்தை வைத்து ஐந்து வருடத்தைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

டிஜிட்டல் ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி 200 வாஷர் வந்தால், சரியான ஒன்றில் ஸீரோ வைத்துவிட்டு மற்றவற்றில் வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். வெர்னியரில் அந்த வசதி கிடையாது. பழைய இங்கிலீஷ் மெஷின் பாகம் வந்து, மேஸ்திரி நூல் கணக்கில் பேசினால், இன்ச்சுக்கு மாற்ற ஒரு பொத்தான்தான். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கும், சாயங்கால வெளிச்சத்துக்கும் அது பெரிய உதவி. எங்களிடம் இருந்த அந்த டிஜிட்டலை நான் விற்கவில்லை. லேத்திலிருந்து தள்ளி, வந்த சரக்கைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறது.

சித்திரை வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். அளவுகள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்படுபவை. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 40 சாதாரணம். எஃகு ஷாஃப்டும் எஃகுக் காலிப்பரும் சேர்ந்தே நீள்வதால் கவலையில்லை. அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு நீளும், 100 மி.மீ. துண்டில் 0.02 மி.மீ. கூடுதலாகக் காட்டிவிடும். கடைந்து முடித்த சூட்டோடு அளந்தால் இதைவிட மோசம். ஆற விட்டு அளக்க வேண்டும்.

வெர்னியர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மூடி ஸீரோவைப் பாருங்கள். அந்தக் கடைசியில் 50-ஆவது கோடும் 49 மி.மீ. கோட்டோடு சேர்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள், இரண்டில் ஒன்று மட்டும் சேர்ந்தால் கோடு போட்டதே சரியில்லை. தாடையை வெளிச்சத்தில் பிடியுங்கள். முழு நீளத்துக்கும் நகர்த்தினால் எங்கேயும் பிடிக்காமல், எங்கேயும் தொளதொளக்காமல் ஒரே மாதிரி வர வேண்டும். பளபளப்பான குரோம் பூச்சைவிட மங்கலான பூச்சு நல்லது, கோடு கண்ணில் கூசாமல் தெரியும். போகும்போது சட்டைப்பையில் ஒரு புது பேரிங்கைப் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நான் போனபோது அவரே எடுத்துக் கொடுத்தார்.