பங்குக் கோவிலின் கூரை: தகரமா, ஓடா?

மியான்மரின் ஐராவதி வடிநிலத்துச் சிற்றூர்களில் கத்தோலிக்கப் பங்குக் கோவிலைப் புதுப்பிக்க முனையும் நம் தமிழ்க் குடும்பங்கள் கூரையில்தான் தயங்கி நிற்கின்றன.

செலவு: தகரம் இலேசானது, பழைய கைமரங்களே தாங்கும். ஓடு கனமானது என்பதால், முதலில் சுவரையும் கைமரங்களையும் வலுப்படுத்தியாக வேண்டும்.

நீடித்து உழைப்பது: தகரம் ஆணித் துளைகளிலிருந்து துருவேறும், ஓடு துருப்பிடிக்காது, உடைந்ததை மட்டும் மாற்றலாம்.

காற்று: 2008 மே மாத நர்கிஸ் புயலைக் கண்டவர்கள் எதையும் நெருக்கமாகப் பிணைக்காமல் விடமாட்டார்கள்.

பூசை: மழைக்காலத்தில் தகரத்தின் இரைச்சலில் மறையுரை காதில் விழாது, அதைக் கேட்கவே சேற்றில் நடந்து வரும் முதியோருக்கு இது சிறு குறையன்று.

உண்டியலை மட்டுமே நம்பும் பங்குக்குத் தகரமும் அதன் அடியில் பலகை மச்சும் பொருந்தும். சுவர் உறுதியான பழைய கோவிலுக்கு ஓடே என் தேர்வு.