கவரில் பெயர் இல்லாத ‘நரம்பு மாத்திரை’: கவனம்

ஹட்டன் பக்கம் தனியார் கிளினிக்கில் மருந்தெடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

அப்பா தவறிய பிறகு அம்மாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. டவுனில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். வெள்ளைக் கடதாசிக் கவரில் சின்ன மாத்திரைகள். மேலே பேனையால் ‘இரவு 1’, அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, “பயப்படாதீங்கம்மா, சும்மா நரம்பு மாத்திரை.” முடிய முடியப் போவோம், அதே கவர், அதே காசு. இப்படியே வருஷம் ஓடியது.

ஒருநாள் போனால் கிளினிக் பூட்டு. டொக்டர் வெளிநாடாம். மாத்திரை நின்ற மறுநாளே அம்மாவுக்கு நடுக்கம். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைய வியர்வை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, தகரத்தில் மழை விழுந்தால் காதைப் பொத்துகிறார். லயத்தில் கோடாங்கியைக் கூப்பிடச் சொன்னார்கள். நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

அங்கிருந்த டொக்டரம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பையனுக்குப் போன் போடச் சொன்னார். அப்போதுதான் பெயர் வந்தது: அல்பிரசோலம்.

டயசிபாம், குளோனசிபாம், லோரசிபாம் எல்லாம் இதே இனம். சில வாரங்களுக்கு மேல் தினமும் குடித்தால் மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், நடுக்கம். சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடக் குடிக்காதவருக்கும் இது வரும், ஆகவே ‘போதைக்காரி’ என்று யாரும் பேச வேண்டாம். அல்பிரசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்குவதால் தொல்லையும் சீக்கிரம் தொடங்கும். 2020இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (FDA) இந்த இனம் முழுவதற்கும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடச் சொன்னது. நம்ம ஊர்க் கவரில் பெயருக்கே இடமில்லை!

அம்மாவை மெதுவாக இறங்கும் டயசிபாமுக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில இரவுகள் மோசம்தான், ஆனால் தாங்கக்கூடியது.

டொக்டர் திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன். “அதான் சுகமாயிருச்சே” என்றார்.

வீட்டில் யாராவது இப்படிக் குடித்துக்கொண்டிருந்தால், இதை வாசித்த பயத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். கவரில் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் காட்டுங்கள். அதுவரை இதோடு சாராயம் வேண்டவே வேண்டாம், மூச்சே அடங்கிப்போகலாம். வழி தெரியாவிட்டால் இலங்கை தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைத்துக் கேளுங்கள். வலிப்பு வந்தால் எதற்கும் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.