ஸ்டார்ட்டர் காயில்: 415 வோல்ட்டா, 240 வோல்ட்டா?

கிணற்று மோட்டாரின் டிஓஎல் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும் ஸ்டார்ட்டர்) சுவிட்சைக் காந்தமாக இழுத்துப் பிடிக்கும் காயில் கருகினால், பழையதில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையே கேட்டு வாங்குவது சுலபம். வேறு வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது.

இணைப்பு: 415 காயில் இரண்டு பேஸுக்கு நடுவே வேலை செய்யும், நியூட்ரல் தேவையில்லை.
240-க்கு ஒரு பேஸும் உறுதியான நியூட்ரலும் வேண்டும்.

ஆயுள்: லைனில் நியூட்ரல் அறுந்தால் 240 காயிலுக்கு வோல்டேஜ் எகிறலாம், காயில் கருகிவிடும். தோட்டத்து லைன்களில் இது பெரிய விஷயம்.
415-க்கு அந்தத் தொல்லை இல்லை.

பாதுகாப்பு: 415 என்றால் பட்டன், ரிலே ஒயரிலெல்லாம் 415 ஓடும். தொட்டிவரை ப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஆன், ஆஃப் ஆவது) ஒயர் இழுப்பவர்கள் 415 காயில் வைக்கவே கூடாது என்பேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்று கவனியுங்கள்: காயிலோடு சேராத பேஸ் போனால் இரண்டு காயிலுமே ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் தனியாக வேண்டும்.

வெறும் ஆன், ஆஃப் பட்டன் மட்டுமுள்ள தோட்டத்து மோட்டாருக்கு 415. டைமர், ப்ளோட் சுவிட்ச் வைத்த பட்டறை, அடுக்குமாடிக்கு 240.

அப்புறம், எதை மாட்டினாலும் முதலில் காந்த முகங்களில் உள்ள துரு, பூச்சிக் கூட்டைத் துடையுங்கள். அந்த முகங்கள் முழுசாக ஒட்டாமல் இரைந்துகொண்டே இருந்தால் கரண்ட் அதிகமாக இழுத்துப் புதுக் காயிலும் கருகும்.