ஜிட்சியா, பிக் புளூ பட்டனா, ஜூமா? திறந்த கூட்டங்களுக்கு ஒரு மட்டுறுத்துநரின் ஒப்பீடு

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் இணையவழிக் காணொளிக் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். லிங்க் திட்டத்தின் தளத்திலும் பொது நாட்காட்டியிலும் வெளிப்படையாக இருக்கும். புதிதாகப் பங்களிக்க வருகிறவருக்குக் கிடைக்கும் அதே லிங்க், கூட்டத்தைக் குலைக்க வருகிறவருக்கும் கிடைக்கும். 2020 மார்ச் 30 அன்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் பாஸ்டன் அலுவலகம் இப்படிப்பட்ட அத்துமீறல்கள் குறித்துப் பொது எச்சரிக்கையே விட்டது. லிங்கை மறைத்து வைப்பது தனியார் நிறுவனத்துக்குச் சரிப்படும். திறந்த சமூகத்துக்குச் சரிப்படாது. அதனால் கருவியும் அமைப்புகளும்தான் காப்பாற்ற வேண்டும்.

வழக்கமான ஒப்பீடுகள் படத்தின் தெளிவு, எத்தனை பேர் சேரலாம், மாதக் கட்டணம் என்று போகும். கூட்டத்தின் ஒழுங்கைக் காக்கும் மட்டுறுத்துநருக்கு அதைவிட முக்கியமானது, வெளியேற்றிய ஆள் அடுத்த பத்து விநாடியில் திரும்பி வந்து நிற்க முடியுமா என்பது. அந்த அளவுகோலில் ஜிட்சி, பிக் புளூ பட்டன், ஜூம் ஆகிய மூன்று காணொளிக் கூட்டக் கருவிகளும் வெகுவாக வேறுபடுகின்றன. முதல் இரண்டும் கட்டற்றவை, ஜூம் ஒரு நிறுவனத்தின் மூடிய மென்பொருள். ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த சிறு குழுவின் வாராந்திரச் சந்திப்புக்கு ஜிட்சி போதும். பயிற்சி வகுப்பு, ஐம்பது நூறு பேர் வரும் பொதுக்கூட்டம் என்றால் பிக் புளூ பட்டன்தான் எங்கள் தேர்வு. பல நாடுகளில் பரவிய, பல பணிக்குழுக்கள் கொண்ட திட்டத்துக்கு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் ஜூமின் அவசரப் பொத்தானுக்கு இணை இன்னும் இல்லை. மென்பொருள்களைப் பல கணினிகளில் இயக்க உதவும் கட்டற்ற கருவியான குபெர்னெட்டஸின் சமூகம் தன் பணிக்குழுக் கூட்டங்களை ஜூமில் நடத்துகிறது. லினக்ஸ் மேசைச்சூழல் திட்டங்களான குனோம், கேடிஇ இரண்டும் சொந்தமாக பிக் புளூ பட்டன் வழங்கி (சர்வர்) வைத்திருக்கின்றன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையச் சந்திப்புகள் ஜிட்சியில் நடப்பவை.

உள்ளே விடும் இடம்

ஜிட்சியில் அறை என்பது கூட்டம் நடக்கும்போது மட்டுமே இருக்கும் ஒன்று. கடைசி ஆள் வெளியேறியதும் அறையும் மறையும், அதில் போட்ட கடவுச்சொல்லும் லாபி (காத்திருப்பு அறை) அமைப்பும் சேர்ந்தே மறையும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். ஜிட்சியின் இலவசப் பொதுச் சேவையில் 2023 ஆகஸ்ட் 24 முதல் கூகுள், கிட்ஹப் அல்லது ஃபேஸ்புக் கணக்கில் உள்நுழைந்த ஒருவர் இருந்தால்தான் கூட்டம் தொடங்கும். சேவையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களால் வந்த கட்டுப்பாடு அது. ஆனால் அந்த ஒருவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெயர் தெரிந்த அறைக்குள் கணக்கு வைத்திருக்கும் யாரும் முதலில் நுழைந்து நிர்வாகியாகிவிடலாம். எனவே மட்டுறுத்துநர் கால் மணி நேரம் முன்பே உள்ளே போய், பாதுகாப்பு அமைப்பில் லாபியைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும்.

சொந்த வழங்கியில் இந்தத் தலைவலி தீர்கிறது. ஜிட்சியின் உள்நுழைவைக் கையாளும் பிராசடி நிரலில் கடவுச்சொல் சரிபார்ப்பை இயக்கி, விருந்தினருக்குத் தனி டொமைன் ஒன்றை அமைத்துவிட்டால், நீங்கள் பதிவு செய்து கொடுத்த கணக்குகள்தான் அறையைத் திறக்க முடியும். மற்றவர்கள் அதுவரை காத்திருப்பார்கள். நான்கு கோர், 8 ஜிபி ரேம் உள்ள வழங்கியில் சிறு குழுவின் கூட்டம் தாராளமாக ஓடும். ஃபயர்வாலில் படமும் ஒலியும் போகும் யுடிபி 10000 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். அதை மறந்தால் அறைக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள், ஆனால் மூன்றாவது ஆள் சேர்ந்ததும் ஒருவருக்கும் படமும் ஒலியும் வராது. இருவர் மட்டும் இருக்கும்போது இணைப்பு நேருக்கு நேராகப் போவதால் சோதனையில் இந்தப் பிழை தெரியாது. மூன்று பேரை வைத்தே சோதியுங்கள்.

பிக் புளூ பட்டனில் அறை நிரந்தரம், அமைப்புகளும் அப்படியே நிற்கும். அதன் முகப்பான கிரீன்லைட்டில் அறைக்கான அமைப்புகளில் நுழையுமுன் மாடரேட்டர் (மட்டுறுத்துநர்) ஒப்புதல், நுழையும்போதே மியூட், பார்வையாளருக்கும் மாடரேட்டருக்கும் தனித்தனி நுழைவுக் குறியீடு ஆகியவை இருக்கின்றன. அதே பக்கத்தில்தான் ‘எல்லாரும் மாடரேட்டராகச் சேரலாம்’ என்ற தேர்வும் இருக்கிறது. நண்பர்கள் கூடும் அறைக்கு வசதியாக இருக்கிறது என்று இதைப் போட்டுவிட்டு, பிறகு அதே அறையின் லிங்கைப் பொதுவில் பகிர்வது அடிக்கடி நடக்கும் விபத்து. பொதுக் கூட்டத்துக்குத் தனி அறை உருவாக்குங்கள்.

ஜூமில் 2020 ஏப்ரல் 5 முதல் இலவசக் கணக்குகளுக்குக் கடவுக்குறியீடும் காத்திருப்பு அறையும் இயல்பாகவே இயங்குகின்றன. லிங்கிலேயே கடவுக்குறியீடு அடங்கியிருப்பதால் பொதுவில் பகிரும்போது அது தடையாக இருப்பதில்லை. காத்திருப்பு அறைதான் தடை. தனிப்பட்ட நிரந்தரக் கூட்ட எண்ணை மட்டும் பொதுக் கூட்டத்துக்குக் கொடுக்கவே கூடாது. அது வெளியே போய்விட்டால் உங்கள் மற்றக் கூட்டங்களுக்கும் ஆட்கள் வந்து தட்டுவார்கள்.

காத்திருப்பு அறை எதுவானாலும் அது தரும் தகவல் ஒரு பெயர் மட்டுமே. நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது பெயரைப் பார்த்து நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரிக்க முடியாது. ஒவ்வொருவராக உள்ளே விட்டு நேரத்தைக் கரைப்பதைவிட, எல்லாரையும் மைக், கேமரா, ஸ்கிரீன் ஷேர் மூன்றும் அடைத்த நிலையில் விரைவாக உள்ளே விட்டு, கை தூக்குபவருக்கு மட்டும் திறப்பது மேல். ஏதாவது நடந்த பிறகுதான் காத்திருப்பு அறை தன் மதிப்பைக் காட்டும். வெளியேற்றிய ஆள் திரும்பி வந்தால் அங்கே நிற்பார்.

திரை, மைக், அரட்டை

குலைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவர் திரையில் ஆபாசப் படத்தை ஓட்டுவார், இன்னொருவர் மைக்கில் கத்துவார், மூன்றாமவர் அரட்டையில் கொட்டுவார்.

பிக் புளூ பட்டன் இங்கே அடித்தளத்திலேயே பாதுகாப்பானது. வகுப்பறைக்காக 2007இல் ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள் என்பதால், ஸ்கிரீன் ஷேர் செய்யும் உரிமை ‘பிரசென்டர்’ ஒருவருக்கு மட்டுமே. பார்வையாளராக வருகிறவர் எவ்வளவு முயன்றாலும் திரையைப் பிடிக்க முடியாது. மீதம் இருக்கும் கேமரா, மைக், பொது அரட்டை, தனி அரட்டை, பகிர்ந்த குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் பார்வையாளர் பூட்டு உண்டு. இதில் நாங்கள் மிகவும் மதிக்கும் பூட்டு, பார்வையாளர் கேமராக்களை மாடரேட்டர்கள் மட்டும் பார்க்கும்படி செய்வது. ஒருவர் கேமரா முன் என்ன செய்தாலும் கூட்டத்தின் கண்ணில் அது படாது. தனி அரட்டையை மட்டும் மறக்காமல் பூட்டுங்கள். புதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தொல்லை அந்த வழியாகத்தான் போகும். மற்றவர்கள் யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஜூமில் ஸ்கிரீன் ஷேரை ‘ஹோஸ்ட் மட்டும்’, அதாவது கூட்டத்தை நடத்துபவர் மட்டும், என்று வைக்க வேண்டும். பகிரும் திரைமேல் மற்றவர்கள் கிறுக்கும் வசதியைக் கணக்கின் அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். பங்கேற்பாளர் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எடுத்துவிடுவது நல்லது. தாக்குகிறவர் ஹோஸ்டின் பெயரையே சூட்டிக்கொண்டு பேசினால் குழப்பத்தில் தப்பான ஆளை வெளியே தள்ளிவிடுவோம்.

ஜிட்சியில் பங்கேற்பாளர் பட்டியலின் கீழே உள்ள மூன்று புள்ளிகளில், தாங்களாகவே மைக்கையும் கேமராவையும் திறந்துகொள்ளும் அனுமதியை எடுத்துவிடலாம். கேமராத் தடை ஸ்கிரீன் ஷேரையும் சேர்த்து நிறுத்துகிறதா என்பது நீங்கள் வைத்திருக்கும் பதிப்பைப் பொறுத்தது. கூட்டத்துக்கு முந்தைய நாள் இன்னொரு உலாவியில் விருந்தினராக நுழைந்து சோதித்துவிடுங்கள். அரட்டைதான் ஜிட்சியின் பலவீனம். பிக் புளூ பட்டனில் பொது அரட்டையை மாடரேட்டர் முழுதாகத் துடைக்கலாம், ஜூமில் ஹோஸ்ட் செய்திகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். ஜிட்சியில் கொட்டியது கொட்டியதுதான்.

வெளியேற்றுவது

ஜிட்சியில் ஒருவரை வெளியேற்றினால் அவர் பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி வந்துவிடலாம். தடைப்பட்டியல் என்று எதுவும் இல்லை. எனவே இங்கே வரிசை முக்கியம்: முதலில் மைக், கேமரா அனுமதியை எடுத்துவிட்டு எல்லாரையும் மியூட் செய்து எல்லார் கேமராவையும் நிறுத்துங்கள். அடுத்து லாபியைப் போடுங்கள். அதன் பிறகே ஆளை வெளியேற்றுங்கள். பதற்றத்தில் பலரும் வெளியேற்றும் பொத்தானைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். ஐந்து முறை வெளியேற்றி ஐந்து முறையும் அதே ஆள் திரும்பி வரும் கூத்து அப்படித்தான் நடக்கிறது.

பிக் புளூ பட்டனில் பயனரை நீக்கும்போது ‘மீண்டும் சேர விடாதே’ என்ற கட்டம் வரும். அதைச் சொடுக்காமல் நீக்கினால் ஜிட்சியின் கதைதான். கணக்கில் உள்நுழைந்தவருக்கு இந்தத் தடை உறுதியாக நிற்கும். விருந்தினராக வந்தவர் வேறு உலாவியில் புது ஆளாக வந்துவிட முடியும் என்பதால், நீக்கிய கையோடு விருந்தினர் கொள்கையை ‘மாடரேட்டரைக் கேள்’ என்று மாற்றிவிட வேண்டும்.

ஜூமில், நீக்கப்பட்டவர் திரும்பிவர அனுமதிக்கும் அமைப்பு கணக்கில் அணைந்தே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மேலாக 2020 நவம்பரில் வந்த ஒரு பொத்தான் உண்டு: பங்கேற்பாளர் செயல்பாடுகளை நிறுத்திவைப்பது. ஹோஸ்ட் கருவிகளுக்குள் அதைச் சொடுக்கினால் எல்லாருடைய படம், ஒலி, அரட்டை, ஸ்கிரீன் ஷேர், கிறுக்கல், பதிவு அனைத்தும் ஒரே நேரத்தில் நிற்கும், கூட்டமும் பூட்டப்படும். பிறகு நிதானமாக ஆளை நீக்கி, புகாரளித்து, ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம். மூன்று பேர் ஒரே நேரத்தில் வரும் தாக்குதலுக்கு இதைவிடச் சரியான விடை மற்ற இரண்டிலும் இல்லை. கட்டற்ற கருவிகளை நேசிப்பவர்கள் நாங்கள். ஜிட்சியும் பிக் புளூ பட்டனும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம்.

உள்நுழைந்த கணக்குகளை மட்டும் அனுமதிக்கும் வழி ஜூமில் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் மூடிய மென்பொருளில் கணக்குத் தொடங்க மறுப்பவர்கள் நம் சமூகங்களில் கணிசமாக இருக்கிறார்கள், அவர்கள் மறுப்பதும் நியாயம். மீண்டும் மீண்டும் தாக்கப்படும் கூட்டத்துக்கு மட்டும் அதைப் போடுங்கள்.

நிர்வாக உரிமை யாரிடம்

கூட்டத்தை நடத்துபவரே மட்டுறுத்தவும் கூடாது. நிகழ்ச்சிநிரலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கு அரட்டையில் ஓடுவது தெரியாது. இருபது பேர் கூட்டத்துக்கும் இன்னொருவர் வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் நுழைவுக்கு ஒருவர், மைக்குக்கும் அரட்டைக்கும் ஒருவர்.

ஜூமில் ஹோஸ்ட் சாவி என்ற எண்ணைக் கொடுத்து யாரும் ஹோஸ்ட் ஆகலாம். பணிக்குழுத் தலைவர்கள் பலர் ஒரே கணக்கைப் பகிரும்போது இது வசதி. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அன்றே எண்ணை மாற்றிவிட வேண்டும். ‘ஹோஸ்டுக்கு முன் சேரலாம்’ என்ற அமைப்பு போட்டிருந்து ஹோஸ்ட் வராமல் போனால், நீக்கும் அதிகாரம் உள்ள ஒருவர்கூட இல்லாத அறை திறந்து கிடக்கும்.

சரிபார்ப்பு இல்லாத ஜிட்சி வழங்கியில், நிர்வாகியின் இணையம் அறுந்தால் உரிமை அறையில் இருக்கும் இன்னொருவருக்குத் தானாகப் போய்விடும். அது தாக்குகிறவராகவும் இருக்கலாம். ஜிட்சியின் கூட்டங்களை நிர்வகிக்கும் ஜிகோஃபோ நிரலின் அமைப்புக் கோப்பில் உள்ள ‘எனேபிள் ஆட்டோ ஓனர்’ வரியின் வேலை இது. சரிபார்ப்பை இயக்கினால் கணக்கு உள்ளவர்கள் அனைவரும் நிர்வாகிகளாகவே வருவார்கள், இந்தச் சிக்கல் எழாது.

மேடையைப் பிரிப்பது

நூற்றுக்கணக்கில் பார்வையாளர் வரும் நிகழ்வுக்கு எல்லாரையும் கூட்ட அறைக்குள் விட வேண்டியதில்லை. பேச்சாளர்கள் மட்டும் ஓர் அறையில் இருக்க, மற்றவர்கள் நேரலையில் பார்த்துக் கேள்வியை அரட்டையில் எழுதுவது. 2021 பிப்ரவரியில் இணையவழி நடந்த ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு மேட்ரிக்ஸ் அரட்டையையும் ஜிட்சியையும் இணைத்து இப்படித்தான் நடந்தது. பாதுகாப்பு மிக அதிகம், உரையாடல் மிகக் குறைவு. நேரலை சில விநாடிகள் பின்தங்கியே வரும் என்பதால் கேள்வி வந்து சேருவதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். வாராந்திரக் கூட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பதிவும் அதற்குப் பிறகும்

திறந்த பங்கேற்புக் கூட்டத்தை யூடியூபில் நேரலையாக விடாதீர்கள். அத்துமீறல் நடந்தால் அது உங்கள் சேனலில் ஓடும், நடவடிக்கையும் உங்கள் சேனல்மீதே வரும். பதிவு செய்து, வெட்டி, பிறகு ஏற்றுங்கள். ஜிட்சியில் வழங்கியிலேயே பதிவு செய்ய ஜிப்ரி என்ற தனி நிரல் தேவை. ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தை மட்டுமே பதியும். பிக் புளூ பட்டனில் பதிவு அனுமதிக்கப்பட்ட அறையில், பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, பதிவுப் பொத்தானை அழுத்தாத பகுதியும் மூலக் கோப்பாக வழங்கியில் சேரலாம். அப்படியானால் பொத்தான் எந்தப் பகுதியை வெளியிடுவது என்று குறிப்பதற்கே. பங்கேற்பாளர்களிடம் இதைச் சொல்லுங்கள், மூலக் கோப்பை எப்போது அழிப்பது என்றும் முடிவு செய்துவிடுங்கள்.

அத்துமீறல் நடந்ததும் நேரம், காட்டிய பெயர், என்ன நடந்தது என மூன்று வரி எழுதி நடத்தை விதிக் குழுவுக்கு அனுப்புங்கள். திரைப்பிடிப்பு உதவும், ஒரு விதிவிலக்கு தவிர: காட்டப்பட்டது குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சி என்றால் படமெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. இந்தியாவில் அத்தகைய கோப்பை அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் சிக்கவைக்கும். பதிவில் அது விழுந்திருந்தால் பிரதி எடுத்துப் பகிராமல், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் சேவை வழங்குநரிடமும் உடனே புகார் செய்யுங்கள்.

கூட்டத்தை அன்றைக்கு ரத்து செய்ய வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் அடைத்த நிலையில் அதே லிங்கில் தொடங்குங்கள். என்ன நடந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்டவர்கள் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயரை அரட்டையில் இட்டு, நிகழ்ச்சிநிரலில் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.