மார்க்கப்பா, மார்ஜினா?

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் இரண்டையும் ‘லாபம்’ என்றே சொல்லிவிடுவோம். கம்பம் வழியாகக் குமுளிக்குச் சரக்கு ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடக்கவிலை கிலோ 2,000 ரூபாய், விற்பது 2,500 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பது 500. இதை அடக்கவிலையால் வகுத்தால் 25 சதவீதம், அது மார்க்கப். விற்ற விலையால் வகுத்தால் 20 சதவீதம், அது மார்ஜின். பணம் அதே 500தான்.

போன வருஷம் குமுளிக் கடைக்காரர் ஒருவர், “அண்ணா, பாக்கெட் ரேட்டில் எனக்கு 25 மார்ஜின் நிக்கணும்” என்று போனில் சொன்னார். நான் அவருக்குக் கொடுத்த விலையான 2,000த்தோடு கால் பங்கு சேர்த்து 2,500 என்று அச்சடித்துவிட்டேன். அவர் கேட்டதற்கு 2,000த்தை 0.75ஆல் வகுத்து, 2,667 போட்டிருக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் அவருக்குக் குறைந்தது. லேபிள் முழுவதையும் மாற்றிக் கொடுத்தேன்.

ஏலம் முடிந்த கையோடு விலை வைக்க மார்க்கப்தான் சுலபம், வாங்கின விலை கண் முன்னால் இருக்கிறது. வருஷக் கணக்குக்கு மார்ஜின். வாடகை, கூலி எல்லாம் விற்ற பணத்திலிருந்துதானே போகிறது? அப்புறம், மார்க்கப் நூறைத் தாண்டலாம், மார்ஜின் தாண்டாது.

இப்போதெல்லாம் யார் சதவீதம் பேசினாலும், “வாங்கினதுக்கு மேலயா, வித்ததுலயா?” என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.