நான்கு ஆண்டுகளாக ஒரே இன்குபேட்டர்

48 முட்டை கொள்ளும், உள்ளே விசிறி ஓடும், முட்டைகளைத் தானே திருப்பிவிடும் சிறிய இன்குபேட்டர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆண்டுக்கு ஆறேழு முறை கோழி முட்டை வைக்கிறேன். முதல் இரண்டு மாதங்களிலேயே எழுதியிருந்தால், யாரும் இதை வாங்காதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். முதல் இரண்டு முறையும் அவ்வளவு குஞ்சுகளை இழந்தேன்.

முதல் முறை, 21 நாளும் திரையில் 37.5 டிகிரி செல்சியஸ் என்ற எண் அசையவே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் 19ஆம் நாள் விடியும்போதே குஞ்சுகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. சிறுத்த உடல், மூடாத தொப்புள், அதில் ஒட்டிக் காய்ந்த இரத்தம். பல முட்டைகளில் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தாமலே இறந்திருந்தன. காலத்துக்கு முந்திப் பொரிப்பதும் தொப்புள் மூடாமல் வருவதும் சூடு கூடியதன் அடையாளம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். 38.6 காட்டியது.

காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார், காற்றுத் துளையை ஒட்டித் தொங்கியது. வெளிக்காற்று பட்டு அது எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்க, அதை ஈடுகட்ட ஹீட்டர் கூடுதலாக எரிந்திருக்கிறது. சென்சாரை முட்டைகளின் மட்டத்துக்கு இறக்கிக் கட்டி, மீதி வித்தியாசத்தை அமைப்பில் திருத்திய பிறகுதான் திரையின் எண்ணுக்குப் பொருள் வந்தது. விசிறி இருந்தும் மூலைக்கு மூலை அரை டிகிரி வரை மாறுகிறது. அதனால் கரு வளர்கிறதா என்று முட்டைகளை விளக்கொளியில் பார்க்கும் நாள்களில் ஓரத்து முட்டைகளை நடுவுக்கு மாற்றிவிடுகிறேன். விசிறி இல்லாத பெட்டியில் கணக்கு வேறு. அதில் சூடு மேலே தங்குவதால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8 வரை வைக்க வேண்டும்.

இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கருவே சூட்டை வெளிவிடத் தொடங்கும். தட்டு நிறைய முட்டை இருந்தால் அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். காற்றுத் துளைகளை நான் அப்போது முழுவதும் திறந்துவிடுகிறேன். வளர்ந்த கருவுக்கு மூச்சுக்காற்றும் கூடுதலாக வேண்டும்.

வெப்பத்தைச் சரிசெய்த பின்னும் இரண்டாம் முறை பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. 22ஆம் நாள் கடந்ததும் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். முழுதாக வளர்ந்த குஞ்சு. சிறகெல்லாம் பசைபோல் உடலோடு ஒட்டியிருந்தது, அலகைச் சுற்றிக் கொழகொழவென்று நீர் நின்றது. முட்டையின் அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறை கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கும். அறையே இல்லாமல் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. அன்று அடைந்த வேதனைதான் என்னை ஈரப்பதத்தைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வைத்தது.

கையேட்டில் முதல் நாளிலிருந்தே 60 சதவீதம் என்று இருந்தது. நானும் அப்படியே வைத்திருந்தேன். ஈரப்பத மானியைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிறு மூடியில் சமையல் உப்பை இட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மானியோடு சேர்த்து ஒரு ஜாடிக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 66 காட்டியது. அப்படியானால் 60 என்று நான் நிம்மதியாக இருந்த நாள்களில் உள்ளே 70-ஐ ஒட்டி இருந்திருக்கிறது.

இப்போது முதல் 18 நாளும் உண்மையான ஈரப்பதத்தை 45 முதல் 50க்குள் வைக்கிறேன். மழை நாள்களில் பெட்டிக்குள் சொட்டு நீர்கூட ஊற்றுவதில்லை. ஊற்றும்போது கவனிக்க வேண்டியது நீரின் பரப்பு. ஆழம் கூடினால் ஈரப்பதம் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் மானியைவிட நான் நம்புவது தராசைத்தான். பொரிக்கும் முட்டை 18ஆம் நாளுக்குள் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். பத்து முட்டைகளை எடை போட்டு, ஓட்டின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுகிறேன். இழப்பு குறைந்தால் நீரை வற்றவிடுகிறேன், கூடினால் ஊற்றுகிறேன். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு, கரு கூடிய பத்து முட்டைகளில் எட்டு என் பெட்டியில் பொரிக்கின்றன.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்றும் மிகப் பிடித்த வேலை. செவ்விளக்குபோல் ஒளிரும் முட்டைக்குள் சிலந்தியின் கால்களாக இரத்த நாளங்கள் படர்ந்திருக்கும். நடுவே கண்ணின் கரும்புள்ளி, கை சற்று அசைந்தால் அதுவும் துள்ளும். நாளங்கள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. கூமுட்டைகளைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். விட்டால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்து, நல்ல முட்டைகளின் மேலும் கிருமியைத் தெளிக்கும்.

திருப்பும் மோட்டாரின் பல்சக்கரம் இரண்டாம் ஆண்டில் தேய்ந்து நின்றது. மாற்றுப் பாகம் வரும்வரை, ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு நாளுக்கு ஐந்து முறை கையால் திருப்பினேன். பொரிப்பு குறையவில்லை.

மின்தடையைக் கண்டு இப்போது பதறுவதில்லை. அடைக்கோழியே தினமும் இரை எடுக்க எழுந்து போகிறது. மூன்று மணி நேரத் தடையின்போது பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, திறக்காமல் விட்டேன். ஒரு நாள் தாமதமானாலும் பெரும்பாலானவை பொரித்தன. நான் அஞ்சுவது சூடு ஏறுவதற்குத்தான். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு தாங்காது. எச்சரிக்கை மணியை அதனால் 38.2-இலேயே ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன்.

18ஆம் நாள் திருப்பும் தட்டை எடுத்துவிட்டு, ஈரத் துணி வைத்து ஈரப்பதத்தை 65-70க்கு ஏற்றி மூடினால், பிறகு திறப்பதே இல்லை. மூன்றாம் முறை ஒரு குஞ்சுக்கு உதவப் போய் மூடியைத் திறந்தேன். ஓட்டில் பொத்தல் விழுந்திருந்த வேறு இரண்டு முட்டைகளின் உட்சவ்வு காய்ந்து காகிதமாகி, குஞ்சுகளை இறுக்கிக் கொன்றுவிட்டது. முதல் பொத்தலிலிருந்து வெளிவர ஒரு நாள்கூட ஆகும். உள்ளே உறிஞ்சிய மஞ்சள் கரு குஞ்சுகளுக்கு இரண்டு நாளுக்குப் போதும் என்பதால், பொரித்தவையும் தூவி உலரும்வரை உள்ளேயே இருக்கலாம்.

பெட்டியைப் பற்றி இன்றைய என் கருத்து: விசிறியும் சுவர்களும் நன்று, பொருத்தி வந்த ஈரப்பத மானி மோசம், பல்சக்கரம் சுமார். ஒவ்வொரு முறையும் விசிறியில் சேரும் தூவியைத் துடைத்து, கிருமிநாசினியால் கழுவி, வெயிலில் காயவைக்கும் வேலைக்குச் சோம்பாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இப்போது உள்ளிருக்கும் முட்டைகளுக்கு இன்று 16ஆம் நாள். குறித்துவைத்த பத்தின் எடை தொடக்கத்தில் 503 கிராம், இன்று காலை 451. கணக்குப்படி 449 வந்திருக்க வேண்டும். காலையில் நீர் ஊற்றவில்லை.