ஆதரவு முடிந்த இரண்டு கணினிகளோடு ஆறு வருடம்

என்னிடம் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸ் 7 போட்டு வாங்கிய மேசைக் கணினி. இன்னொன்று ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு உள்ள விண்டோஸ் 10 லேப்டாப். இரண்டுக்குமே ஆதரவு முடிந்துவிட்டது. முதல் முறை நான் செய்தது தவறு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதி ஆதரவு முடிந்தது. மறுநாள் கணினியைப் போட்டேன், வழக்கம்போல் வந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. சரி, சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆதரவு முடிந்தாலும் கணினி ஓடும், ஓட்டைகளை அடைப்பதுதான் நின்றுபோகும். புதிய பதிப்புக்கு வரும் அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். பழைய பதிப்பிலும் அதே நிரல் இருந்தால், அங்கே கதவு திறந்தே கிடக்கும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. இரண்டு மாதமாகியும் அதைப் போடாத கணினிகள் ஏராளமாக மாட்டிக்கொண்டன.

எனக்கு உறைத்தது 2023-இல். குரோம் 109-வது பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பிரவுசரும் பழசானால் அதில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடம் துணிச்சலாகத் திறந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

அந்தக் கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். யூஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமலேயே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். அவசியம் பாருங்கள். எனக்கு வைஃபை வரவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கொடுத்தேன். நிறுவி முடித்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவர் பட்டியலில் இருந்தது. டிக் செய்து மறுபடி துவக்கியதும் சரியாகிவிட்டது. பிரிண்டர் தானாகவே வந்தது. ஸ்கேனருக்குத்தான் வழியே கிடைக்கவில்லை, இப்போது போன் கேமராவில் எடுக்கிறேன்.

பேக்கப்பில் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டேன். படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து சரிபார்த்த பிறகுதான் வட்டை அழித்தேன். மின்ட்டில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைத் திறந்து அப்பாவின் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்தால், பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது அது. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. பாமினி எழுத்துரு சுலபமாகக் கிடைத்துவிட்டது. வேறொரு எழுத்துருவைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. உங்களிடம் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்ய எந்தச் சிக்கலும் இல்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

மூன்று வருடம் ஆகப்போகிறது. மின்ட் 21-இலிருந்து 22-க்கு மாறும்போது டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் இயங்குதளத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் தொடங்கினேன், அதை மீட்கும் தேவை வரவில்லை. 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. என்றைக்கோ கழித்துவிட வேண்டிய கணினி, தினமும் வேலை செய்கிறது.

அப்புறம் லேப்டாப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் சில்லுகளின் பட்டியலில் என்னுடையது இல்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நிறுவும் யூஎஸ்பியைத் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற கருவியைக் கொண்டு இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவ முடியும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. எந்த அப்டேட்டுக்காக இவ்வளவும் செய்கிறோமோ அதுவே நிச்சயமில்லை என்றால், முக்கிய வேலை செய்யும் கணினியில் அதை நான் போட மாட்டேன்.

இந்த லேப்டாப்பில் விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதனால் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தேன். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால், அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துவிடலாம். நான் சேர்ந்தபோது காட்டிய கெடு 2026 அக்டோபர் 13. புதிய வசதி எதுவும் இதில் வராது, ஓட்டைகள் மட்டும் அடைபடும். எனக்கு அது போதும்.

இந்த இடைவெளியில் கணக்குகளை ஒவ்வொரு மாதமாக லிப்ரே ஆபிஸின் விரிதாள் மென்பொருளான கால்குக்கு மாற்றி வருகிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை இந்த முறை முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன்.